1,360 கிராமுக்குள் ஒரு நீராவிக் கப்பல்

முப்பத்தோரு வருடம் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலை பார்த்தேன். பம்ப் உறைக்கு மரத்தில் அச்சு செதுக்குவதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு, கை சும்மா இருக்காமல் கப்பல் செய்ய ஆரம்பித்தேன். பெட்டியில் வரும் கிட் எனக்குப் பிடிக்காது. பலகையிலிருந்து தொடங்க வேண்டும். நான் செய்தது டர்பீனியா. அதை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

ஏன் டர்பீனியா? எல்லோரும் டைட்டானிக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள், ஜன்னல் ஓட்டை போட்டே பாதியில் விட்டுவிடுகிறார்கள். டர்பீனியா ஒல்லியான படகு. மேலே ஒரு புகைபோக்கி, ஒரு சின்ன அறை, கொஞ்சம் கைப்பிடிக் கம்பி, அவ்வளவுதான். சார்லஸ் பார்சன்ஸ் என்ற பொறியாளர் தன் நீராவி டர்பைனை, அதாவது நீராவி பாய்ந்து சுற்றும் சக்கர இயந்திரத்தை, கப்பலில் ஓட்டிக் காட்டுவதற்காகவே கட்டி 1894-ல் நீரில் இறக்கியது. 1897 ஜூன் 26 அன்று இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்புக்குள் அழைப்பில்லாமல் புகுந்து ஓடியது. விரட்டிய ரோந்துப் படகுகளால் பிடிக்க முடியவில்லை. இன்றும் நியூகாசிலின் டிஸ்கவரி மியூசியத்தில் அசல் கப்பலே நிற்கிறது. அதனால் எந்தக் கோணத்திலும் புகைப்படம் கிடைக்கும். மாடல் செய்கிறவனுக்கு இது பெரிய வசதி.

நீளம் 104 அடி, அகலம் 9 அடி, நீருக்குள் 3 அடி, எடை நாற்பத்தைந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. நான் எடுத்தது 32-ல் ஒரு பங்கு. நீளம் 99 செ.மீ., அகலம் 8.6 செ.மீ., நீருக்குள் 2.9 செ.மீ. இதுவரை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். எடையில்தான் சறுக்குவார்கள். நீளத்தை 32-ஆல் வகுத்தால் எடையை 32 பெருக்கல் 32 பெருக்கல் 32, அதாவது 32,768-ஆல் வகுக்க வேண்டும். 44.5 டன் என்பது 1,360 கிராம் ஆகிறது. உடல், மோட்டார், பாட்டரி, பெயின்ட், புகைபோக்கி எல்லாம் அதற்குள். தாண்டினால் கப்பல் நீர்க்கோட்டுக்கு, அதாவது தண்ணீர் வந்து நிற்க வேண்டிய கோட்டுக்கு, கீழே அமுங்கி நிற்கும். பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும். முதல் வேலையாகச் சமையலறைக்கு வாங்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். நான் சுவரில் ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தேன்: உடல் 480, மோட்டார் பாட்டரி 350, ஷாஃப்ட் வகையறா 120, மேல்பாகம் 130, பெயின்ட் 80, மீதி 200 கப்பலைச் சமன்படுத்த வைக்கும் ஈயத்துக்கு. ஒவ்வொரு துண்டையும் நிறுத்துத்தான் ஒட்டினேன்.

அடுத்து வரைபடம். கப்பலின் வரைபடத்தில் மூன்று பார்வை இருக்கும்: பக்கவாட்டில், மேலிருந்து, அப்புறம் ரொட்டியை வெட்டியதுபோல் குறுக்கு வெட்டுகள். அந்தக் குறுக்கு வெட்டுதான் உயிர். அதைப் பெரிதாக்க ஜெராக்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால், தாளிலேயே நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று என்று பத்து செ.மீ. கோடு இரண்டு போடுங்கள். பிரதி வந்ததும் இரண்டையும் அளந்து பாருங்கள். சில இயந்திரம் ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிடும். என்னுடையதில் நெடுக்கில் ஒன்றரை மி.மீ. கூடியிருந்தது.

இங்கே என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேட்டர்ன்காரன் கையில் எப்போதும் சுருக்க ஸ்கேல் இருக்கும். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பதால் அந்த ஸ்கேலில் ஒரு செ.மீ. என்பது உண்மையில் ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். பழக்க தோஷத்தில் அதை எடுத்தே உடலை அளந்துவிட்டேன். மேல்தளத்தை என் பேரனின் பள்ளி ஸ்கேலில் அளந்து வெட்டினேன். பொருத்தினால் முனையில் சரியாக ஒரு செ.மீ. இடைவெளி. பதினெட்டு நாள் வேலை. அந்த உடல் இப்போது மொட்டைமாடியில் கீரைத்தொட்டி. ஆகவே ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஸ்கேல்.

உடலுக்கு ஏராவும் (அடி நெடுங்கட்டை) வங்கும் (விலா எலும்பு மாதிரி வளைந்த கட்டை) வைத்துப் பலகை போர்த்தலாம், அசல் மரப்படகு மாதிரி. ஆனால் இவ்வளவு ஒல்லியான உடம்புக்கு அடுக்கு முறைதான் என் சிபாரிசு. 6 மி.மீ. பலகைகளை ஒவ்வொரு நீர்க்கோட்டு வடிவத்திலும் அறுத்து, தோசை அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது. தேக்கு கனம், வேண்டாம். நான் மலைவேம்பு எடுத்தேன். லேசானது, இழைக்க நன்றாக வரும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு அடுக்கின் நடுப்பகுதியையும் அறுத்து எடுத்துவிடுங்கள். எதுவரை? கீழே வரும் அடுக்கின் வெளிக்கோட்டுக்கு 8 மி.மீ. உள்ளே வரை. அதைத் தாண்டினால் ஒட்டுவதற்கு இடமே இருக்காது, இழைக்கும்போது ஓட்டை விழும். அடித்தட்டை மட்டும் முழுசாக விடுங்கள். பசை தண்ணீர் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

ஒட்டிக் காய்ந்ததும் படிக்கட்டு மாதிரி ஒரு கட்டை கையில் இருக்கும். படிகளின் உள்மூலைதான் கப்பலின் உண்மையான கோடு. அதுவரை இழைத்து நிறுத்த வேண்டும். பத்து இடத்தில் குறுக்கு வெட்டுக்குத் தகட்டில் வார்ப்புரு வெட்டிக்கொள்ளுங்கள். வார்ப்புருவின் விளிம்பில் நீலச் சாக்பீஸைத் தேய்த்து, உடலின்மேல் வைத்து லேசாக அசைத்து எடுத்தால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த நீலத்தை மட்டும் சீவுங்கள். மறுபடி வையுங்கள், மறுபடி சீவுங்கள். முதலில் இரண்டு புள்ளி ஒட்டும், அப்புறம் ஆறு, கடைசியில் கோடு முழுக்க நீலமாக வரும். அதுதான் முடிந்த அடையாளம். கண்ணை நம்பி உளி ஓட்டினால் அணியத்தின் (கப்பலின் முன்முனை) இரண்டு பக்கமும் ஒன்றுபோல வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் முடிந்தபிறகு உள்ளே குடைந்து 3 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள், காலிபர் என்ற கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே. உள்ளும் புறமும் எபாக்சி பிசின் ஒரு பூச்சு. வெளியே மெல்லிய ஃபைபர் துணி ஒரு சுற்று. உப்புத்தாள் தேய்ப்பதை எழுதி உங்களைச் சலிப்பாக்க விரும்பவில்லை: 120-ல் தொடங்கி 600 வரை, கடைசியில் தண்ணீர் வைத்து. ஆணித்தலை எல்லாம் வைக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: இந்த அளவில் அது ஒரு மி.மீ. கூட வராது. விடுங்கள்.

தண்ணீரைத் தள்ளிக் கப்பலை ஓட்டும் விசிறிகள்தான் டர்பீனியாவின் சுவாரசியம். முதலில் ஒரே ஷாஃப்ட்தான் இருந்தது. விசிறி சுற்றிய வேகத்தில் தண்ணீர் கிழிந்து குமிழியாகி, கப்பல் 20 நாட்டைக்கூடத் தொடவில்லை (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.). பிறகு மூன்று ஷாஃப்ட், ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி, மொத்தம் ஒன்பது என்று மாற்றியபின் 34 நாட் ஓடியது. அசலில் விசிறி 18 அங்குலம். நமக்கு 14 மி.மீ. ஷாஃப்டுக்கு நான் சைக்கிள் ஸ்போக் கம்பியை எடுத்தேன், 2 மி.மீ., நேராக இருக்கும். ஸ்டெயின்லெஸ் வேண்டாம், பற்றவைக்கும் ஈயம் பிடிக்காது. சாதாரணக் கம்பி போதும். ஸ்போக்கின் பித்தளை நிப்பிளை அறுத்தால் கடைசி விசிறிக்குக் குடம், அதாவது இதழ்களைப் பிடிக்கும் நடுத்துண்டு, தயார். 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டில் இதழ் வெட்டி அதில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். மற்ற இரண்டையும் கம்பியிலேயே நேராகப் பற்றவைக்கலாம். நிப்பிள் வலப்புரி மரை, அதாவது வலமாகத் திருகினால் இறுகும். பின்னாலிருந்து பார்க்கும்போது ஷாஃப்ட் இடமாகச் சுற்றினால் தண்ணீரே அதை இறுக்கும். வலமாகச் சுற்றினால் கழன்று குளத்தடிக்குப் போய்விடும். ஒன்று போனபிறகுதான் எனக்கு இது உறைத்தது. நடு ஷாஃப்டுக்கு மட்டும் மோட்டார். ஓரத்து இரண்டும் தண்ணீர் தள்ளுவதில் தானாகச் சுற்றட்டும்.

நீராவிக் கப்பலுக்கு மோட்டாரா என்று முகம் சுளிப்பார்கள். பார்சன்ஸே சின்ன மாதிரிகளை முறுக்கிய ரப்பர் கயிற்றில் ஓட்டிப் பார்த்தவர்தான். 8.6 செ.மீ. அகல உடம்புக்குள் பாய்லரும் தண்ணீரும் வைத்தால் தலை கனத்துக் கவிழும். நிஜ நீராவி வேண்டுமென்றால் அகலமான இழுவைப்படகு எடுங்கள். செம்பு பாய்லரை வெள்ளிப் பற்றில் (வெள்ளி கலந்த, அதிகச் சூடு தாங்கும் பற்று) இணையுங்கள், சேஃப்டி வால்வு வையுங்கள், ஓடும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். டின் டப்பாவில் ஈயம் வைத்துப் பாய்லர் செய்யும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 183 டிகிரியில் ஈயம் இளகிவிடும்.

புகைபோக்கியை பைப்பில் செய்யாதீர்கள், கனம். சரியான குறுக்களவுள்ள குழாய்மேல் எண்ணெய்த்தாள் சுற்றி, அதன்மேல் வரைபடத்தாளை வார்னிஷில் நனைத்து நாலு சுற்று சுற்றிக் காயவிட்டு உருவுங்கள். என்னுடையது 11 கிராம்.

பெயின்டுக்கு முன் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். வாளியில் அடங்காது, நான் வீட்டுக்காரியின் துணி துவைக்கும் தொட்டியைக் கெஞ்சி வாங்கினேன். பாட்டரி அடித்தட்டில் படுத்திருக்கட்டும். மீதி எடைக்கு டயர் கடையில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் 5, 10 கிராம் துண்டுகள் கேளுங்கள். பின்னால் ஒட்டும் பசை இருக்கும், இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். அணியமும் பின்புறமும் கோட்டில் சமமாக நிற்கும் வரை மாற்றினேன், இரண்டு மணி நேரம்.

மச்சானின் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் ஓட்டினேன். கரையில் பத்து மீட்டருக்கு இரண்டு குச்சி. மாடலின் வேகத்தை 32-ன் வர்க்கமூலத்தால், அதாவது 5.66-ஆல், பெருக்கினால் அசல் வேகம் கிடைக்கும். 34 நாட்டுக்குப் பத்து மீட்டரை மூன்றேகால் விநாடியில் கடக்க வேண்டும். என்னுடையது ஏழு எடுத்தது. கணக்குப் போட்டால் 16 நாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பேரன் உதட்டைப் பிதுக்கினான். ஒரே ஷாஃப்டில் பார்சன்ஸுக்கும் 20 வரவில்லையடா என்றேன். ஓரத்து ஷாஃப்டுகளுக்கும் சின்ன மோட்டார் வைக்கலாமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஈயத்தைக் கழற்றினால் 200 கிராம் கிடைக்கும்.