ஏற்ற இறக்கமான ஹொக்கி சீசனைப் பார்ப்பது எப்படி

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்திய ஹொக்கி அணிக்காகத் தவிக்கிறவர்களுக்கு இது. கிரிக்கெட்டும் ஃபுட்போலும் கதைக்க இங்கே ஆட்கள் நிறைய, ஹொக்கிக்கு நாமேதான் ஒரு கொப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கோரை மட்டும் எழுதாதீர்கள். 15 நிமிடக் குவார்ட்டர் நான்கில் எதில் கோல் விழுந்தது என்று குறியுங்கள், அணி எங்கே தளர்கிறது என்பது அதில்தான் தெரியும். 2023-ஐ எடுங்கள். ஜனவரியில் உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்து, 3-3 ஆகி, சமநிலையை உடைக்க ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரை எதிர்கொள்ளும் ஷூட்டவுட்டில் வெளியேறினோம், எனக்கு அது இன்னும் வலிக்கிறது. அதே வருடம் ஓகஸ்டில் சென்னையில், ஆசிய சம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டத்தில் இடைவேளைக்கு மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியவர்கள், மூன்றாவது குவார்ட்டர் முடிகிற நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுக் கடைசியில் 4-3 என்று வென்றார்கள்! ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில், ஆசிய விளையாட்டுப் போட்டி இறுதியாட்டத்தில் ஜப்பானை 5-1 என்று அடித்துத் தங்கம்.

அப்புறம் பெனல்டி கோர்னர், அதாவது பெரும்பாலும் எதிரணி தன் வட்டத்துக்குள் தவறு செய்யும்போது, கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு கோலடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு. எத்தனை கிடைத்தது, எத்தனை கோலானது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், என் கணிப்பில் இந்தியாவின் நல்ல நாளும் கெட்ட நாளும் பெரும்பாலும் இங்கேதான் பிரிகின்றன. தவறுக்கு நடுவர் காட்டும் கார்டையும் விடாதீர்கள்: பச்சைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் ஓராள் குறைவு.

தோற்ற இரவில் கொப்பியைத் திறக்க வேண்டாம், சரியா? மறுநாள் காலையில் ஹைலைட்ஸைப் போட்டுவிட்டு எழுதுங்கள்.