உப்புக்காற்றில் ஓடிய ஃபோர் வீல் வண்டி: வாங்கும் முன் எங்கே தட்டிப் பார்ப்பது

கீழக்கரையிலோ மண்டபத்திலோ நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் விலைக்கு நின்றால், புரோக்கர் முதலில் காட்டுவது மீட்டரைத்தான். "அறுபதாயிரம்தான்ணே ஓடியிருக்கு, ஒரே கை." அந்தக் கணக்கெல்லாம் மதுரைக்கு மேற்கே சரி. தேனிப் பக்கம் தார் ரோட்டில் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பொலேரோ ஃபோர் வீலைத் தைரியமாகப் போய்ப் பார்க்கலாம். தொண்டியில் கடலை ஒட்டி 60,000 மட்டும் ஓடியதை நாலு தடவை யோசிக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க ஆள் உண்டு, பொருள் உண்டு. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் உள்பக்கமாகத் துருவேறி மெலிந்துபோனால், மேலே பெயின்ட் அடிக்கலாமே தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

மீட்டர் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். 4 எல்லில் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை), முதல் கியரில், மணலில் ஊர்ந்த வண்டிக்கு எஞ்சின் மணிக்கணக்கில் உழைத்திருக்கும்; மீட்டரில் ஐந்து கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. அதனால் எவ்வளவு ஓடியது என்பதைவிட என்ன வேலை பார்த்தது என்று கேளுங்கள். படகைக் கரைக்கு இழுத்ததா? அப்படியானால் பின் அச்சு எத்தனையோ தடவை கடல் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். மீன் பெட்டி ஏற்றியதா? ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் சாமான் ஏற்றும் பெட் வழியாக இறங்கி, சேஸிஸின் மேல்பக்கத்தைத்தான் முதலில் தின்னும். கீழே படுத்துப் பார்ப்பவர் கண்ணில் அது படாது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நின்றதா? 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன் தனுஷ்கோடியில் சவாரி அடித்ததா? அந்தக் காலத்தில் அங்கே ரோடே மணலும் அலைத்தண்ணீரும்தான். இதில் எதற்காவது பதில் ஆம் என்றால் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. ஆனால் கீழே படுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

போகும்போது ஒரு டார்ச், சின்னச் சுத்தியல், நீள ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய காந்தம், வெள்ளைத் துணி, மல்டிமீட்டர், ஜாக்கி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டை, படுக்க ஒரு சாக்கு. நேரம் காலை ஆறரை. முந்தின நாளே போன் பண்ணி, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் கிளம்பக் கஷ்டப்படும் வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழே படுங்கள்

முதல் சந்தேகம்: அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. விற்பதற்கு முந்தின வாரம் அடித்த பூச்சு துருவைத் தடுக்க அடித்தது அல்ல, மறைக்க அடித்தது. சுத்தியலால் சேஸிஸை முன்னாலிருந்து பின்னால் வரை, ஒரு சாணுக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று சத்தம் கொடுக்கும், சுத்தியல் துள்ளும். மெலிந்த இடத்தில் 'பொத்' என்று அமுங்கும், உள்ளே துருச்செதில் சலசலவென்று உதிர்வது காதில் விழும். சத்தம் மாறிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் பேச்சு முடிந்தது, சாக்கைச் சுருட்டலாம்.

சேஸிஸ் பெட்டி வடிவம். பக்கத்தில் ஓட்டைகள் இருக்கும். அதற்குள் டார்ச் அடியுங்கள். அடியில் மணல் படுக்கையாகக் கிடந்தால் அந்த மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் வெயிலில் நிற்கும் வண்டிக்குக்கூட உள்பக்கம் காயாது. மேலோட்டமான செந்துரு பரவாயில்லை, தேய்த்தால் போகும். அடுக்கடுக்காக, பிஸ்கட் மாதிரி உரியும் துரு என்றால் இரும்பின் கனமே போயிருக்கிறது.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்) சேஸிஸோடு சேரும் பிராக்கெட்டும் ஷாக்கிளும், பின் பம்பருக்கு முந்தின குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் ரப்பர் மவுன்ட்டுகள், டீசல் டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டை, பேட்டரித் தட்டு. கால்மிதி விரிப்பைத் தூக்கி டிரைவர் காலடியையும் பாருங்கள். மாருதி ஜிப்ஸி என்றால் தரைத் தகடு மெல்லியது, விரிப்புக்குக் கீழே ஓட்டை இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூக்குங்கள். கதவின் அடி மடிப்பில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

பிரேக் இரும்புக் குழாயை நகத்தால் சுரண்டுங்கள். சொரசொரவென்று பொருக்கு இருந்தால் மொத்தக் குழாயும் மாற்ற வேண்டும், அதை விலையில் கழியுங்கள். பிறகு பிரேக்கை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வையுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, இல்லை மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கிறது.

கிரவுன் ஆயில்

படகு இழுத்த வண்டியின் ரகசியம் கிரவுன் ஹவுசிங்குக்குள், அதாவது அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் கூட்டுக்குள் இருக்கும். ஓடிச் சூடான அச்சு திடீரென்று கடல் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். மேலேயுள்ள பிரீதர் என்கிற காற்றுத்துளை மண்ணடைத்து மூடியிருந்தால், காற்றுக்குப் பதிலாக ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இப்படி ஒன்றிரண்டு தடவை நடந்தாலே கிரவுன், பினியன், பேரிங் எல்லாவற்றிலும் துருப் புள்ளி விழுந்துவிடும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்கியிருக்கும். அதற்காகவும்தான் காலையில் போகச் சொன்னது. ஓனரிடம் கேட்டுக்கொண்டு முதலில் மேல் பிளக்கைக் கழற்றுங்கள். எப்போதும் மேல் பிளக்தான் முதலில். அது துருப்பிடித்துக் கழலாவிட்டால், கீழே வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வழி இல்லாமல் நிற்பீர்கள். மேலே கழன்ற பிறகு கீழ் பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி, முதல் பத்துச் சொட்டை ஒரு வெள்ளை மூடியில் பிடியுங்கள். தண்ணீராகவோ, டீ நிறத்தில் பால் கலந்த மாதிரியோ வந்தால் நீர் புகுந்திருக்கிறது. கறுப்பாக, கெட்டியாக வந்தால் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பிளக் முனையில் காந்தம் இருந்தால் மாவு போன்ற இரும்புத் தூள் சகஜம். அரிசி அளவில் துண்டு ஒட்டியிருந்தால் பல் உடைந்திருக்கிறது. முன் கிரவுன், பின் கிரவுன், இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் பாருங்கள். முன் கிரவுனைப் பல பேர் வாங்கிய நாளிலிருந்து திறந்ததே இருக்காது.

ஃபோர் வீல் நிஜமாகவே விழுகிறதா

லீவரைத் தள்ளி, டாஷ்போர்டில் லைட் எரிவதைக் காட்டி "விழுதுண்ணே" என்பார்கள். லைட் லீவருக்குச் சாட்சி, சக்கரத்துக்கு அல்ல. லீவர் வைத்த வண்டியில் எஞ்சினை ஓட்டாமலே பார்க்க ஒரு வழி உண்டு. சமதரையில் நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். 4 ஹெச் (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டு, முதல் கியரில் விட்டு, எஞ்சினை அணையுங்கள். ஜிப்ஸி மாதிரி முன் சக்கர நடுவில் கையால் திருகும் ஹப் என்றால் இரண்டு பக்கமும் 'லாக்' நிலைக்குத் திருப்புங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் ஆடி நின்றால் நல்லது. தாராளமாகச் சுற்றினால் டிரைவ் அந்த அச்சுக்குப் போய்ச் சேரவில்லை: ஹப் பிடிக்கவில்லை, அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸில் கியரைத் தள்ளும் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது. லீவரை 2 ஹெச்சுக்கு (பின் சக்கர இழுவை மட்டும்) மாற்றினால் அதே சக்கரம் சுற்ற வேண்டும்.

தூக்கியிருக்கும்போதே சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், கிங்பின் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக ஆடினால் ஸ்டீயரிங்கின் டை ராட் எண்ட். அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்குங்கள். 'டக்' என்றால் அதன் முனை மூட்டான கிராஸ் தேய்ந்திருக்கிறது. மணல் புகுந்த கிராஸ் சீக்கிரம் போகும். இவையெல்லாம் விலை குறைக்கப் பேசும் சங்கதிகள், வண்டியை விட்டுவிடும் சங்கதிகள் அல்ல.

ஓட்டிப் பார்க்கும் இடம் முக்கியம். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பாதீர்கள். இந்த வண்டிகளில் முன், பின் ஷாஃப்டுகள் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். தாரில் வழுக்க வழி இல்லாமல் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். கடற்கரைக்கும் இறக்காதீர்கள், உங்கள் பங்குக்கு நீங்களும் உப்பு ஏற்றுவானேன். உச்சிப்புளிப் பக்கம் பனங்காட்டு மணல் பாதை போதும். டயரில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, 4 ஹெச்சில் நேராக ஒரு ஐம்பது மீட்டர். பிறகு நின்று, கிளட்சை மிதித்து 4 எல். முதல் கியரில் ஏறி, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிக்க வேண்டும். காற்றைத் திரும்ப அடிக்கப் பம்ப் எடுத்துப் போயிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்தேன்.

எஞ்சினும் மணலும்

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறங்கள். ஃபில்டர் அழுக்காக இருந்தால் அது வேலை செய்திருக்கிறது, கவலை இல்லை. ஃபில்டருக்குப் பிறகு எஞ்சின் பக்கம் போகும் ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே துடையுங்கள். துணியில் மாவு போல நைசான மணல் ஒட்டினால் சீல் விட்டு எஞ்சின் மணல் தின்றிருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேயச் சில ஆயிரம் கிலோமீட்டர் போதும். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக நடுங்கலாம். துள்ளி விழுந்து நீலப்புகை குபுகுபுவென்று வந்தால் துணி சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

ரேடியேட்டரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் இருக்க வேண்டும். செம்பழுப்புத் தண்ணீர் இருந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துச் சவர் தண்ணீர் உள்ளே உப்புப் படிவம் கட்டும். மணலில் 4 எல் ஓட்டும்போதுதான் சூடு ஏறும், தார் ரோட்டில் காட்டிக்கொடுக்காது. அதனால் மணல் ஓட்டம் முடிந்த உடனே டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள்.

மல்டிமீட்டரில் பேட்டரி, எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4. ஃபியூஸ் பெட்டியில் பச்சை வெள்ளைப் பொடி பூத்திருந்தால், குறிப்பாக மஹிந்திரா தார் (Thar) போன்ற, எலக்ட்ரானிக் முறையில் டீசல் பீய்ச்சும் சிஆர்டிஇ எஞ்சின் வண்டிகளில், ஒயரிங் தொல்லை பின்னாலேயே வரும். டயரின் பக்கவாட்டில் சீமைக்கருவேல முள் ஒடிந்து நிற்கிறதா பாருங்கள். அங்கே பஞ்சர் ஒட்டினாலும் நிற்காது. டயரில் பொறித்த நாலு இலக்கத்தில் 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கத்து வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கோடு இருந்தால் வண்டி மூழ்கி எழுந்தது. சீட்டைக் கழுவுகிறவர்களும் பெல்ட்டின் கடைசி அடியை மறந்துவிடுவார்கள்.

காகிதம்

ஆர்சியில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் இரும்பில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய ஜீப்களில் வேறு எஞ்சின் ஏற்றி ஓட்டுவது சகஜம். ஆர்சியில் ஏறவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும், விபத்து என்றால் இன்சூரன்ஸும் கையை விரிக்கும். சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 13, 14 வயது வண்டி மலிவாக வருவதற்கு அதுதான் காரணம். எம்பரிவாஹன் ஆப்பில் கடன், இன்சூரன்ஸ், அபராதம் பாருங்கள். கடன் இருந்தால், அடைத்த பிறகு அதை ஆர்சியிலிருந்து நீக்கப் படிவம் 35. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டிக்கு என்ஓசி (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்கப் படிவம் 28. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வாங்கிய வாரம்

நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் சேஸிஸ் ஓட்டைகளுக்குள்ளும் கழுவுங்கள். போர் தண்ணீர் சவர் என்றால் கழுவாமலே இருக்கலாம். இரண்டு நாள் காய்ந்த பிறகு மெழுகு வகைத் துருத்தடுப்பைச் சேஸிஸுக்குள் அடியுங்கள். கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கச் சொல்வார்கள். அது புஷ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு கிரவுன், பிரேக், கூலன்ட் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். கிரவுனுக்கு அந்த வண்டியின் கையேடு சொல்லும் கிரேடு, மேல் ஓட்டையில் வழியும் வரை. பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். காற்று போகாவிட்டால் புதிது போட்டு, ஒரு ஹோஸ் மாட்டி பானட் உயரத்துக்கு ஏற்றுங்கள். 500 கிலோமீட்டர் கழித்து, ஒரு ராத்திரி நிறுத்தி, கீழ் பிளக்கை மறுபடி அரைச் சுற்று தளர்த்துங்கள். சொட்டு தெளிவாக வந்தால் பழைய தண்ணீரோடு கதை முடிந்தது. திரும்பவும் பால் நிறமானால் ஆயில் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் இன்னொரு டப்பா ஆயில் வாங்காதீர்கள்.