நீண்ட பாதையுள்ள கோப்புகளைக் காப்பகப்படுத்துதல்: தொடக்கநிலைச் செய்முறை

காரைக்குடியில் உறவினர் வீடொன்றின் இரண்டாங்கட்டில் இருந்த பேரேடுகளையும் இசைகுடிமான (திருமணப் பதிவு) ஏடுகளையும் ஸ்கேன் செய்து, 'வளவு வீட்டுப் பெட்டகம்', அதற்குள் 'பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள்', அதற்குள் ஆண்டு, அதற்குள் அனுப்பியவரின் முழுப்பெயர் என்று கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிவைத்திருந்தேன். அனைத்தையும் ஒரே ஜிப் கோப்பாக்க முயன்றபோது, பாதை மிக நீளம் என்ற செய்தியோடு வேலை பாதியில் நின்றது. தவறு நான் பெயர் வைத்த விதத்தில்தான்.

விண்டோஸில் ஒரு கோப்பின் பாதை, அதாவது டிரைவ் எழுத்து முதல் கோப்புறைப் பெயர்கள் வழியே கோப்புப் பெயரின் இறுதி வரையான தொடர், வழக்கமாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் பெயர் வைப்போர் இந்த எல்லையை விரைவில் தொட்டுவிடுவர். 'செட்டிநாடு' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கொம்பு, புள்ளி, கால் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணும் கணினிக்கோ பத்து. லினக்ஸின் இஎக்ஸ்டி4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே எல்லை. அங்கே இதே சொல் 30 பைட்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் மேல்மட்டக் கோப்புறைகளின் பெயர்களைச் சுருக்குங்கள். தலைமுறைப் பெயர்களை முதலெழுத்துகளாக்கி 'விலாசம்' வைத்துக்கொள்ளும் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள்' என்பது 'பக' ஆகட்டும். எந்தச் சுருக்கம் எதைக் குறிக்கிறது என்பதை ஓர் உரைக்கோப்பில் எழுதி, அந்தக் கோப்புறையிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் பத்தாண்டு கழித்து 'பக' என்பதன் பொருள் உங்களுக்கே விளங்காது.

பெயரை மாற்ற முடியாத நிலையிருந்தால், நடுவிலுள்ள கோப்புறையைத் தனி டிரைவ்போலக் காட்டலாம். கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையின்றிச் சாதாரணமாகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்-யு-பி-எஸ்-டி என்று தட்டி, இடைவெளி விட்டு, எக்ஸ் எழுத்தும் முக்காற்புள்ளியும் இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு, அந்தக் கோப்புறையின் பாதையை இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டி, என்டர் அழுத்துங்கள். எக்ஸ் டிரைவ் தோன்றும். அதற்கு மேலிருந்த நீளம் கணக்கில் வராது. கணினியை மறுதொடக்கம் செய்தால் இந்த டிரைவ் மறைந்துவிடும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து 260 என்ற எல்லையைத் தளர்த்தும் அமைப்பு ஒன்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள்ளமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) உண்டு. அதை ஏற்கும்படி எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு மட்டுமே அது பயன்படும் என்பதால் தொடக்கநிலையினருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அடுத்து, 7-ஜிப் என்ற காப்பக மென்பொருளில் எக்ஸ் டிரைவை (பெயர்களைச் சுருக்கியதே போதுமென்றால் அந்தக் கோப்புறையை) திறந்து, அனைத்தையும் தேர்ந்தெடுத்து, 'ஆட்' பொத்தானை அழுத்தி, காப்பகக் கோப்பை வேறொரு டிரைவில் உருவாக்குங்கள். முடிந்ததும் 'டெஸ்ட்' கொடுத்து, அது காட்டும் கோப்பு எண்ணிக்கையை மூலத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மூலத்துக்கு, எக்ஸ் டிரைவின் உள்ளே சென்று, கண்ட்ரோல்-ஏ அழுத்திப் 'பிராப்பர்ட்டீஸ்' பார்க்க வேண்டும். டிரைவின் மீதே பார்த்தால் வட்டின் கொள்ளளவுதான் தெரியும்.

விரித்துப் பார்க்கும்போது டெஸ்க்டாப்பில் விரிக்காதீர்கள். அந்த இடத்தின் பாதையும் சேர்ந்து பழைய சிக்கல் திரும்பிவிடும். டி டிரைவின் வேரிலேயே, அதாவது வேறு கோப்புறை எதனுள்ளும் இல்லாமல், ஓரெழுத்துக் கோப்புறை அமைத்து, அதில் விரித்து, ஆக உள்ளே கிடக்கும் கடிதம் ஒன்றைத் திறந்து படித்த பின்பே மூலத்தில் கை வையுங்கள்.