புயல் பாதையைப் படிப்பது எப்படி: பழவேற்காடு முதல் தடா வரை வசிப்போருக்கு

வங்கக் கடலில் புயல் உருவானதும் "ஆந்திராவை நோக்கி நகர்கிறது" என்று செய்தி வந்தால் சென்னை பெருமூச்சு விடும். எல்லையோரத்தில் பழவேற்காட்டிலும் ஆரம்பாக்கத்திலும் வசிக்கும் நமக்கு அந்த ஒரு வரி போதாது. புயல் நம் ஊருக்கு வடக்கே கரையேறுமா, தெற்கே கரையேறுமா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பாதை வரைபடத்தில் நடுக்கோட்டோடு நின்றுவிடாமல், அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பையும் பாருங்கள். புயலின் மையம் அந்தக் கூம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் செல்லக்கூடும் என்பதே அதன் பொருள். காற்றும் மழையும் அதற்குள் அடங்கிவிடும் என்பதல்ல. யுடிசி (உலகப் பொது நேரம்) என்று குறித்த நேரத்துடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 03 என்றிருந்தால் நமக்குக் காலை 8.30. புயல் நகரும் வேகம் வேறு, சுழலும் காற்றின் வேகம் வேறு. காற்று மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் அதற்குப் புயல் என்றே பெயர். மெதுவாக நகர்வது நல்ல செய்தியும் அன்று. 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்த மிக்ஜாம், அதற்கு முன் சென்னைக்கு அருகே கடலில் மெல்ல ஊர்ந்தபடி கொட்டிய மழையில்தான் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் மூழ்கின.

அடுத்தது காற்றின் திசை. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், காற்று பலமாவதற்கு முன்பே திறந்த வெளியில் அதற்கு முதுகைக் காட்டி நின்றால், மையம் இடக்கைப் பக்கம், சற்று முன்தள்ளி இருக்கும். வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று வீசினால் புயல் இன்னும் கிழக்கே கடலில் நிற்கிறது. காற்று மேற்கிலிருந்து வீசும் கச்சானாக மாறினால் மையம் வடக்கே போய்விட்டது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாக மாறினால்தான் ஆபத்து அதிகம். மையம் தெற்கே இருப்பதால் காற்று கடல்நீரைக் கரைமீது ஏற்றும், முகத்துவாரம் வழியே பழவேற்காடு ஏரிக்குள்ளும் நீர் புகும். ஆகவே கூம்பின் ஒரு பகுதியாவது நமக்குத் தெற்கே விழுந்தால், படகையும் எஞ்சினையும் வலையையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டு, கரையோர வீட்டை முந்தின நாளே காலி செய்வது நல்லது. சூறைக்காற்று திடீரென அடங்கினால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும்.

புயல் வடக்கே கரையேறிய பிறகும் ஆரணியாற்றின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஆந்திர மலைப்பகுதியில் பெய்த மழையால் பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறக்கப்பட்டால், இங்கே வானம் வெளுத்த பிறகுதான் வெள்ளம் வந்து சேரும். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் அணை பற்றிய அறிவிப்பைக் கேட்ட பின்பே வீடு திரும்பலாம்.