டிக்கை எடுத்த பிறகும் கூகுளில் வராத தளம்

பவானி ஜமுக்காளம் விற்கும் எங்கள் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இணையதளம் அமைத்து மூன்று வாரமாகியும், கடைப் பெயரையே தட்டித் தேடினாலும் கூகுளில் வரவில்லை. தலைப்புகளைத் திருத்தினேன், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பை கூகுளிடம் இருமுறை சமர்ப்பித்தேன், பயனில்லை. தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் முகவரியைச் சோதித்தபோதுதான் பக்கத்தில், தேடலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ‘நோஇண்டெக்ஸ்’ குறி இருப்பது தெரிந்தது. தளம் கட்டும்போது, தேடுபொறிகள் வர வேண்டாம் என்று அமைப்புகளில் நானே இட்ட டிக்கின் விளைவு அது. எடுத்துவிட்டேன், சோதனையோ அதே பதிலைத் தந்தது.

விந்தை என்னவென்றால், நான் மூலநிரலைத் திறந்தால் அக்குறி இல்லை. லாகின் செய்யாத மறைநிலைச் சாளரத்தில் இருந்தது. லாகின் செய்தவருக்குப் புதிய பக்கத்தையும், கூகுள் உட்பட மற்றவர்களுக்குச் சேமித்து வைத்த பழைய பக்கத்தையும் கேஷ் செருகுநிரல் (பக்கங்களின் நகலைச் சேமித்துத் தரும் துணை மென்பொருள்) கொடுத்துக்கொண்டிருந்தது. கேஷை முழுவதும் அழித்து, மறைநிலையில் உறுதிசெய்துகொண்டு, இண்டெக்ஸ் செய்ய, அதாவது தேடலில் சேர்க்க, கூகுளிடம் கோரினேன். நான்காம் நாள் முகப்புப் பக்கம் வந்துவிட்டது.