பவளத்திட்டில் இறங்கும்போது செய்யக் கூடாதவை

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் ஊரிலிருந்து கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டுக்குப் போகும் படகில் ஆட்களைத் தண்ணீரில் இறக்கி, கூடவே நீந்துவது என் வேலை. ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளையே புதியவர்கள் போன வாரமும் செய்தார்கள். படகிலேயே சொல்லிவிடும் விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

பவளத்தின் மேல் நிற்பது

மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் புகும். உடனே பதற்றம். காலுக்கடியில் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டதும் ஏறி நின்றுவிடுவார்கள். அது வெறும் கல் இல்லை. மேலே மெல்லிய தோல்போல ஆயிரக்கணக்கான பவள உயிரிகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் வெயிலைக்கொண்டு அவற்றுக்குச் சாப்பாடு தயாரிக்கிறது.

நானும் முதல் முறை நின்றேன். காய்ந்த சுள்ளி முறிவதுபோல் பாதத்தில் தெரிந்தது. முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தால், மான்கொம்புப் பவளத்தின் ஒரு கிளை கிடந்தது. ஒடிந்த முனை சுண்ணாம்பு வெள்ளை. அதற்குள் ஒளிந்திருந்த விரல்நீளப் பச்சை மீன்கள் சிதறி ஓடி, திரும்பி வந்து, கிளை இருந்த இடத்தையே சுற்றின. 3 மாதம் கழித்துப் போனபோது முறிந்த இடத்தில் பழுப்புப் பாசி படர்ந்திருந்தது.

மான்கொம்பாவது ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் போல வளரும். உருண்டைப் பவளங்கள் சுமார் 1 சென்டிமீட்டர்தான். ஆளுயரத்துக்கு ஒன்று இருந்தால், அது நம் தாத்தாவுக்கும் மூத்தது.

“2,300 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கிளை போனால் என்ன?” என்கிறார்கள். இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. படகுகள் நிற்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேதான் இறங்குகிறோம். 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்து வந்த வெளுப்பில் (கடல் சூட்டில் பவளம் நுண்பாசியை இழந்து வெள்ளையாவதில்) தப்பிய கிளை, யாரோ மூச்சு வாங்க நின்றதில் போகிறது.

சரி, என்ன செய்வது? மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள். தலையைத் தூக்கி மாஸ்க்கின் கீழ் விளிம்பை லேசாக விலக்கினால் தண்ணீர் வடிந்துவிடும். ஊரில் நீச்சல் குளத்திலேயே 10 முறை பழகிவிட்டு வாருங்கள்.

கூம்புச் சிப்பியை எடுப்பது

அது கூம்பு வடிவ ஓட்டுக்குள் வாழும் கடல் நத்தை. தொடாதீர்கள். சிலவற்றின் விஷம் ஆளைக் கொல்லும்.

நவம்பர் முதல் மே வரை வெறும் உடம்போடு இறங்குவது

உடம்பை மூடும் மெல்லிய லைக்ரா உடை கட்டாயம். கொட்டி விஷமேற்றும் இருகாஞ்சி ஜெல்லி மீன் விரல்நகம் அளவுதான், கண்ணில் படாது.

ஆமையைத் துரத்துவது

அது மூச்சுவிடத்தான் மேலே வருகிறது. துரத்தினால் மூச்சு எடுக்காமலே இறங்கிவிடும். அசையாமல் மிதந்தால், கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் கரகர சத்தம் காதில் விழும். அப்புறம் ஆமை தானாகவே மேலே வரும். சில சமயம் கை நீட்டும் தூரத்தில்.