தேர்தலைத் தள்ளிப்போட்ட இரண்டு அரசுகள்: எதேச்சதிகாரத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியப்பா உரும்பிராயில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டவர். 1970க்குப் பிறகு சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. பெரியப்பா கல்வீடு கட்டியது அந்தக் காசில்தான். கடைசி வரை அவருக்குச் ‘சிறிமா காலம்’ பொற்காலம். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்த மாமாவுக்கோ அது பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம். 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன வந்து சந்தையைத் திறந்துவிட்ட பிறகுதான் மூச்சே வந்தது என்பார். கல்யாண வீட்டில் இருவரும் சந்தித்தால் பந்தி முடியும்வரை இந்த வழக்கு ஓடும். இருவர் வாயிலும் வராத செய்தி ஒன்று உண்டு. அந்த இரண்டு அரசுகளுமே உரிய காலத்தில் தேர்தல் வைக்கவில்லை.

எதேச்சதிகாரம் இடதுசாரியிலிருந்து வருமா, வலதுசாரியிலிருந்து வருமா என்ற பேச்சு வந்தால் உடனே ஸ்டாலின், ஹிட்லர் என்று தூரதேசம் போய்விடுகிறோம். பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 1970 முதல் 1983 வரை, ஒரே நாட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு இடதுசாரிக் கூட்டணியும் ஒரு வலதுசாரிக் கட்சியும் ஆண்டன. அந்தப் பதின்மூன்று வருடத்தை வைத்தே நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்களைக் காட்டிவிடலாம்.

கொடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு. 1947இல் இடதுசாரித் தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அதை ஒடுக்க வந்தது பொதுசனப் பாதுகாப்புச் சட்டம். அவசரகால நிலை பிரகடனம் செய்ய அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் அது. 1970இல் சிறிமாவோவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தவை லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும். தங்கள் சங்கங்களை அடக்க வந்த அந்தச் சட்டத்தை அவர்கள் குப்பையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. 1971 மார்ச்சில் அவசரகால நிலை வந்தது. அடுத்த மாதம் ஜே.வி.பி. (ஜனதா விமுக்தி பெரமுன) என்ற தீவிர இடதுசாரி இயக்கத்து இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சி சில வாரங்களில் அடங்கியது. அவசரகால நிலை 1977 பெப்ரவரி வரை நீடித்தது.

அந்த ஆறு வருடங்களில் நடந்தவற்றைப் பாருங்கள். 1973இல் நாட்டின் மிகப்பெரிய பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸை அரசு எடுத்துக்கொண்டது. தமிழில் தினகரன் அங்கிருந்துதான் வந்தது. 1974இல் அரசை விமர்சித்துவந்த இன்னொரு பத்திரிகைக் குழுமத்தின் அச்சகத்துக்கே சீல் வைத்தார்கள். தினபதியும் சிந்தாமணியும் அதோடு நின்றன. 1972இல் தமிழர் தலைவர் செல்வநாயகம் தன் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, “இடைத்தேர்தல் வையுங்கள், புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று பார்ப்போம்” என்று சவால் விட்டார். அந்த இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தார்கள். கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளரை அவர் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

பொதுத்தேர்தல் 1975இல் வந்திருக்க வேண்டும். 1972 அரசியலமைப்பை எழுதும்போதே, இருக்கும் உறுப்பினர்கள் அந்த நாளிலிருந்து இன்னும் ஐந்து வருடம் இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். யாரையும் கேட்கவில்லை. எழுதிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா சாதாரண ஆள் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரண்டு நாடாகும் என்று எச்சரித்த இடதுசாரி. அவரை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கப் போனால் எதுவும் புரியாது. நல்ல நோக்கம் இருப்பதால் கேள்வி கேட்க ஆள் தேவையில்லை என்று அவருடைய அரசு நம்பியது. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

“மக்கள்தானே வாக்குப் போட்டார்கள்?”

இரண்டு தரப்பும் சொன்ன பதில் இது. 1970இல் சிறிமாவோவின் கூட்டணியான ஐக்கிய முன்னணிக்கு 151 இடத்தில் 116. 1977இல் ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 இடத்தில் 140. இத்தனைக்கும் அந்த 140 இடமும் நூற்றுக்கு ஏறத்தாழ 51 வாக்கில் கிடைத்தவை. ஜே.ஆர். 1978இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். 1980இல் சிறிமாவோவின் குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பறித்தார். அதனால் 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்கவே முடியவில்லை. ஜே.ஆர். வென்றார்.

அடுத்தது பாராளுமன்றத் தேர்தல். புதிய விகிதாசார முறையில் 52, 53 சதவீத வாக்கு எடுத்தால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காது. எளிய கணக்கு. எனவே தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு. இருக்கும் பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கட்டுமா என்ற ஒரே கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். 1982 டிசம்பர் 22இல் 54.66 சதவீதம் விளக்குக்கு விழுந்தது. யாழ்ப்பாணத்தில் குடமே நிறைந்தது. தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதங்களை ஜே.ஆர். முன்பே வாங்கி வைத்திருந்தார். அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் நடந்தது.

சிறிமாவோ ஒரு வாக்கெடுப்பும் இல்லாமல் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். ஜே.ஆர். வாக்கெடுப்பு வைத்து ஆறு வருடம் எடுத்துக்கொண்டார். எது ஜனநாயகத்துக்குக் கிட்ட என்று என்னைக் கேட்டால் தடுமாறுவேன். ஒரு தடவை போட்ட வாக்கை, அடுத்த வாக்கை மறுக்கும் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

“அடி விழுவது அவனுக்குத்தானே”

1972இல் பாராளுமன்றம் போட்ட சட்டம் செல்லுமா என்று நீதிமன்றம் கேட்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். மக்கள் பிரதிநிதிகளுக்குக் குறுக்கே நீதிபதிகள் யார் என்பது வாதம். சமசமாஜக் கட்சிக்காரர்கள் அதைப் பெருமையாகவே சொன்னார்கள். இனி 1983க்கு வாருங்கள். மார்ச் 8, பெண்கள் தினம். கொழும்பில் ஊர்வலம் போன பெண்களைப் பொலிஸ் தடுத்தது. சமசமாஜக் கட்சித் தலைவர்களில் ஒருவரான விவியன் குணவர்தன கைதாகி, கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்தில் தாக்கப்பட்டார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவர் நீதி கேட்டுப் போனது உயர் நீதிமன்றத்துக்கு. கைது சட்டவிரோதம் என்று ஜூனில் தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்தது? சம்பந்தப்பட்ட அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. சில நாளில் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளின் வீட்டு வாசலுக்கு ஒரு கும்பல் வந்து கத்தி, வசைபாடிவிட்டுப் போனது.

பதினொரு வருடத்துக்கு முன் நீதிமன்றத்தை ஒடுக்கிவைத்த கட்சிக்கு, கடைசியில் ஒதுங்க இருந்த திண்ணை அந்த நீதிமன்றம்தான். இதை நான் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த அம்மையாருக்கு நடந்தது கொடுமை. யாருக்கும் நடக்கக் கூடாது.

மாமா கதையும் இதுவே. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேரை ஜே.ஆர். அரசு வேலையை விட்டு அனுப்பியபோது, கடைக்குச் சாமான் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு அது அடுத்தவர் பிரச்சினை. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் அவருடைய கடை எரிந்தது. காக்க யாரும் வரவில்லை.

“எல்லாரும் ஒன்றுதான்”

இவ்வளவும் கேட்ட பிறகு இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். அதுவும் தவறு. 1972இல் வந்த காணிச் சீர்திருத்தம் நெற்காணிகளைத் தவிர்த்து ஒருவருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. அதையும் பத்திரிகைக்குச் சீல் வைத்ததையும் ஒரே தட்டில் போட முடியாது. அதுபோல, அடிப்படை உரிமை மீறப்பட்டால் குடிமகன் நேரே உயர் நீதிமன்றம் போகலாம் என்ற வழியைத் திறந்தது ஜே.ஆரின் 1978 அரசியலமைப்புத்தான். விவியன் குணவர்தன போனது அந்த வழியில். ஒவ்வொரு செயலையும் தனியாக எடுத்துத்தான் நிறுக்க வேண்டும். ஒட்டுமொத்தமாகக் கைகழுவினால் எந்தக் கதவை யார் பூட்டினார், யார் திறந்தார் என்ற நினைவே போய்விடும். அடுத்து வருகிறவருக்கு அந்த மறதி வசதி.

அப்புறம் எங்கள் பக்கம். அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்று தமிழர்களாகிய நாம் வெகுகாலம் நம்பினோம். 1977இல் எதிர்க்கட்சித் தலைவரான தமிழர் தலைவர் அமிர்தலிங்கம், 1989 ஜூலையில் கொழும்பில் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை அதே புலிகள் வெளியேற்றியபோது, வீட்டை விட்டுப் போக அவர்களுக்குக் கிடைத்தது சுமார் இரண்டு மணி நேரம். எந்தத் தேர்தலும் இல்லை, எந்த நீதிமன்றமும் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் மேலே கொழும்பு அரசுகளைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால், மேலே எழுதியதற்கு மதிப்பில்லை.

“தற்காலிகம்தானே”

1979 ஜூலையில் ஜே.ஆர். அரசு பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று வருடத்துக்கு மட்டும் என்றார்கள். வழக்கில்லாமல் 18 மாதம்வரை தடுத்துவைக்கலாம். பொலிஸிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். இந்த வாக்குமூல ஏற்பாடு புதிதல்ல. 1971 கிளர்ச்சிக்காரரை விசாரிக்க இடதுசாரிக் கூட்டணி 1972இல் அமைத்த விசேட ஆணைக்குழுவிலும் அது இருந்தது. தமிழ் இளைஞர்களுக்காகத்தானே என்று தெற்கில் பலர் பேசாமல் இருந்தார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள்.

2022 ஆகஸ்டில் கொழும்பில் அரசுக்கு எதிராகப் போராடிய சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்துவைத்தது அதே சட்டத்தில்தான். அப்போது அதற்கு வயது 43. பெயரை யாரும் மாற்றவில்லை. சட்டப் புத்தகத்தில் அதன் தலைப்புக்குள் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற இரண்டு சொற்கள் அப்போதும் இருந்தன.